பத்து பாஸில் நிற்க வேண்டிய மேக்ரோ ஏன் பதினொன்று ஓடியது?

கேள்வி: விஎம்சி மெஷினில் (கணினி இயக்கும் செங்குத்து மில்லிங் மெஷின்) 1 மி.மீ. ஆழமுள்ள ஒரு பாக்கெட்டை (பள்ளத்தை), பாஸுக்கு (ஒரு வெட்டுச் சுற்றுக்கு) 0.1 மி.மீ. வீதம் இறக்கி வெட்ட மேக்ரோ (வேரியபிள் வைத்து எழுதும் புரோகிராம்) எழுதினேன். #1 என்ற வேரியபிள் 1.0-ஐ விடக் குறைவாக இருக்கும்வரை அதோடு 0.1 கூட்டி, அந்த ஆழத்துக்கு வெட்ட வேண்டும். ஆனால் பதினோராவது பாஸும் ஓடி 1.1 வரை இறங்கிவிட்டது, ஜாப் ரிஜெக்ட். 0.25 இறக்கத்தில் இதே புரோகிராம் பல மாதமாகச் சரியாக ஓடுகிறது. பக்கத்து மெஷினில் 0.1-க்கும் பிரச்சினை இல்லை. கன்ட்ரோலர் கோளாறா?

பதில்: கன்ட்ரோலர் நன்றாகத்தான் இருக்கிறது. லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை) நிறுத்த நீங்கள் வைத்த நிபந்தனையில்தான் சிக்கல்.

கன்ட்ரோலர் எண்களைப் பைனரியில், அதாவது 0, 1 மட்டும் கொண்டு, வைத்துக்கொள்கிறது. அரை, கால், அரைக்கால் எல்லாம் பைனரியில் மிச்சமில்லாமல் அடங்கும். அதனால்தான் 0.25 உங்களைக் காப்பாற்றியது. 0.1 அப்படி அடங்காது. மூன்றில் ஒரு பங்கை 0.3333 என்று எழுதி எங்கோ நிறுத்துவது போல, அதையும் எங்கோ வெட்டித்தான் வைக்க வேண்டும். அந்தத் துளிப் பிழை ஒவ்வொரு கூட்டலிலும் சேர்ந்துகொண்டே போகும். 64 பிட் கணக்கில் (ஒரு எண்ணுக்கு 64 பைனரி இலக்கம்) 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் வருவது 0.9999999999999999. இது 1.0-ஐ விடக் குறைவுதானே? லூப் இன்னொரு சுற்று போகிறது. அதே கூட்டலை 32 பிட்டில் செய்தால் 1.0000001 வரும், லூப் பத்தோடு நின்றுவிடும். பக்கத்து மெஷின் பிழைத்தது இப்படி ஏதோ ஒரு வகையில்தான் இருக்க வேண்டும். அதை நம்பி இருந்துவிடாதீர்கள், வேறொரு ஆழம் கொடுத்தால் அதுவும் தவறலாம்.

இன்றைய ஷிஃப்ட் ஓட வேண்டுமானால் 1.0 இருக்கும் இடத்தில் 0.95 போடுங்கள், அதாவது அரை இறக்கம் குறைவாக. அது தற்காலிக ஏற்பாடுதான். நிரந்தரமாகச் செய்ய வேண்டியது, ஆழத்தைக் கொண்டு லூப்பை நிறுத்தாமல் பாஸ்களை முழு எண்ணாக எண்ணுவது. பாஸ் எண்ணிக்கை #2, இப்போதைய பாஸ் #3, மொத்த ஆழம் #4 என்று வையுங்கள். #3-ஐ ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் #1 = #4 * #3 / #2 என்று ஆழத்தைப் புதிதாகக் கணக்கிடுங்கள். பிழை சேர்ந்துகொண்டே போக வழியில்லை, கடைசி பாஸ் மொத்த ஆழத்தில்தான் முடியும். ஆழம் 1.04 மாதிரி இறக்கத்தால் மீதியின்றி வகுபடாத எண்ணாக இருந்தாலும் இது தாங்கும். உங்கள் பழைய லூப் அதற்கும் 1.1 வரை இறங்கியிருக்கும்.

மொத்த ஆழத்தை இறக்கத்தால் வகுத்து #2-ஐக் கண்டுபிடிக்கும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. 0.6-ஐ 0.2-ஆல் வகுத்தால் 64 பிட்டில் 2.9999999999999996 வரும். அதற்கு ஃபிக்ஸ் (FIX) போட்டால் தசமம் முழுதும் கழிந்து 2 ஆகிவிடும், ஒரு பாஸ் காணாமல் போகும். அடுத்த முழு எண்ணுக்கு மேலே ஏற்றும் எஃப்யுபி-யைப் (FUP) பயன்படுத்துங்கள், அதற்கு முன் வகுத்து வந்த எண்ணில் 0.001 கழித்துவிடுங்கள். இரண்டு எண்கள் சமமா என்று பார்க்கும்போதும் ஈக்யூ (EQ, 'சமம்') வேண்டாம். ஏபிஎஸ்[#5 - #6], அதாவது அந்த இரண்டு எண்களின் வித்தியாசம் மைனஸ் குறி இல்லாமல், 0.001-க்குக் கீழே இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரோட்டரி டேபிள் (ஜாப்பைச் சுற்றும் மேசை) வைத்திருந்தால் இதைவிடக் கவனம் வேண்டும். 360-ஐ ஏழாகப் பிரித்தால் 51.428571 டிகிரி. இன்கிரிமென்டலில் (இருக்கும் இடத்திலிருந்து நகர்த்தும் முறையில்) ஒவ்வொரு நகர்வும் 51.429 என்று ரவுண்ட் ஆனால், ஒரு முழுச் சுற்றுக்கு 0.003 டிகிரி கூடுதல். நூறு சுற்றில் அது 0.3 டிகிரி, மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி இருக்கும் ஓட்டை அரை மி.மீ.க்கு மேல் விலகிப் போயிருக்கும். அங்கேயும் மருந்து அதேதான்: அப்சல்யூட்டில் (ஆரம்பப் புள்ளியிலிருந்து அளக்கும் முறையில்), 360 * #3 / 7 என்று ஒவ்வொரு கோணத்தையும் தனியாகக் கணக்கிடுவது.

மாற்றியபின் டூலை ஜாப்புக்கு மேலே உயர்த்தி, வெட்டாமல் ஓட்டும் ட்ரை ரன் பாருங்கள். 0.3, 0.6, 0.7, 1.0 ஆகிய ஆழங்களைக் கொடுத்து பாஸ்களை எண்ணுங்கள். மேக்ரோ திரையில் 1.0000000 என்று தெரிவதை மட்டும் நம்ப வேண்டாம், திரையும் ரவுண்ட் செய்துதான் காட்டும். ஆழம் 1.0 கொடுக்கும்போது, லூப் முடிந்ததும் #100 = #1 - 1.0 என்று ஒரு வரி சேர்த்து #100-ஐப் பாருங்கள். மிச்சம் இருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும்.