தாதாவின் வரவு செலவு

கேள்வி: கேங்ஸ்டர் நாவல்கள் ரவுடிகளுக்கு மாலை போடுகின்றன. எதிர்காலத்தில் நடக்கும் நாவல்களில் சொன்ன வருஷத்தில் எதுவுமே நடப்பதில்லை. இருந்தும் இரண்டுக்கும் தனிக் கூட்டம் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்தவை எவை, ஏன்?

பதில்: பலிக்க வேண்டியது ஜோசியம். நாவலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாலை விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் பாதி நியாயம் உண்டு.

இரண்டு வகையிலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: காசு எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது? எத்தனை துப்பாக்கி, எத்தனை பறக்கும் கார் என்பதெல்லாம் அப்புறம்.

டாஷியல் ஹாமெட்டின் 'ரெட் ஹார்வெஸ்ட்' (1929) இதில் கெட்டி. வேலைநிறுத்தத்தை உடைக்க ஒரு சுரங்க முதலாளி வெளியூர் அடியாட்களை இறக்குகிறார். வேலைநிறுத்தம் உடைந்துவிடுகிறது, வந்தவர்கள் கிளம்புவதாக இல்லை. ஊரையே கூறு போட்டுக்கொள்கிறார்கள். பிறகு விழும் பிணங்களுக்கெல்லாம் காரணம் அங்கே இருக்கிறது. ஹாமெட் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்த உலகம் அவருக்குக் கேள்விஞானம் அல்ல.

என் முதல் ஓட்டு கிரஹாம் கிரீனின் 'பிரைட்டன் ராக்' (1938) நாவலுக்கு. பிங்கிக்கு வயது 17. குதிரைப் பந்தய புக்கிகளிடம் மாமூல் வசூலிக்கும் சின்ன கும்பலுக்குத் தலைவன். குடிப்பதில்லை, சிரிப்பதும் அபூர்வம். பெரிய தாதா கொலியோனி சொகுசு ஹோட்டலில் தொழிலதிபர் மாதிரி உட்கார்ந்திருக்க, இவன் அழுக்கு வாடகை அறையில் கிடக்கிறான். கொலையில் தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ரோஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். புருஷனுக்கு எதிராகப் பெண்டாட்டியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது என்ற சட்டக் கணக்குதான் காரணம். அவளோ உண்மையாகவே நேசிக்கிறாள். இங்கே மாலை எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

நீங்கள் சொல்லும் மாலை 'தி காட்ஃபாதர்' (1969) நாவலில் இருக்கிறது. அசல் தாதா ஒருவரைக்கூடத் தான் சந்தித்ததில்லை, எல்லாமே படித்துத் திரட்டியது என்று மரியோ பூஸோவே பின்னால் எழுதினார். ஆனாலும் கதையின் தாதாவான டான் விட்டோ போதைமருந்து வியாபாரத்தில் கூட்டுச் சேர மறுக்கும் இடத்தைக் கவனியுங்கள். டான் அங்கே தர்மம் பேசவில்லை. சூதாட்டத்துக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் நீதிபதிகளும் அரசியல்வாதிகளும் போதைமருந்து என்றதும் நழுவிவிடுவார்கள், கையில் இருப்பதும் போய்விடும் என்கிறார். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பாடகர் ஜானி ஃபான்டேனின் அத்தியாயங்களில் அலுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிடுவது வழக்கம். அவற்றைப் புரட்டிவிட்டுப் போங்கள், பாவமில்லை. விட்டோவின் இளமையைச் சொல்லும் மூன்றாம் பாகத்தை மட்டும் விடாதீர்கள்.

தமிழில் ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974). தாதா நாவல் என்று அதைச் சொல்ல முடியாது, அதற்குப் பல படி கீழே கிடக்கும் கந்தனின் ஒரே ஒரு நாள். சின்னப் புத்தகம். ஒரே மூச்சில் படிக்க வேண்டும்.

இனி நாளைய உலகம். ஃபிலிப் கே. டிக்கின் 'டூ ஆண்ட்ராய்ட்ஸ் ட்ரீம் ஆஃப் எலக்ட்ரிக் ஷீப்?' 1968இல் வந்தபோது கதை 1992இல் நடந்தது. பிற்காலப் பதிப்புகளில் அதை 2021 ஆக்கினார்கள். வருஷம் மாறியும் கதைக்கு ஒரு சேதமும் இல்லை. நீங்கள் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால் இதைச் சொல்கிறேன்.

அந்த உலகத்தில் உயிருள்ள மிருகம் வைத்திருப்பதுதான் அந்தஸ்து. ஆண்ட்ராய்டுகளை, அதாவது செயற்கை மனிதர்களை, வேட்டையாடும் டெக்கர்டின் மொட்டைமாடியில் நிற்பது மின்சாரச் செம்மறி. பக்கத்து வீட்டுக்காரரின் குதிரை நிஜக் குதிரை, அதுவும் சினை. மிருகங்களின் விலைப் பட்டியலைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறான் டெக்கர்ட். ஓர் ஆண்ட்ராய்டைத் தீர்த்தால் 1,000 டாலர். மூன்றைத் தீர்த்த பணத்தை அப்படியே முன்பணமாகக் கட்டி ஒரு நூபிய ஆடு வாங்குகிறான், மிச்சம் தவணையில். வேட்டைக்காரனுக்கு மாதத் தவணை வைத்த நாவலாசிரியரை நான் எங்கே வேண்டுமானாலும் நம்பிப் பின்னால் போவேன்.

ஆர்வெல்லின் '1984' (1949) நாவலில் சித்திரவதை அறையை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு சாக்லேட்தான். வாராந்திர ரேஷனை 30 கிராமிலிருந்து 20 ஆகக் குறைக்கிறது அரசு. அடுத்த நாளே, 20 கிராமாக உயர்த்தியதற்கு நன்றி சொல்லி ஊர்வலம் நடந்ததாகச் செய்தி வாசிக்கிறார்கள்.

இரண்டு வகையும் கலந்தது வேண்டுமென்றால் வில்லியம் கிப்ஸனின் 'நியூரோமான்ஸர்' (1984). முதலாளியிடமே கைவைத்த கணினித் திருடன் ஒருவன், பெயர் கேஸ். அவனை வேலைக்கு எடுப்பவர்கள், மெல்லக் கரையும் விஷப் பைகளை அவன் உடம்புக்குள் வைத்துவிடுகிறார்கள். வேலையை முடித்தால்தான் விஷமுறிவு. பல பேர் 20 பக்கத்தில் கைவிடும் நாவல் இது, ஏனென்றால் கிப்ஸன் எதையும் நின்று விளக்க மாட்டார். புரியாத கருவிப் பெயர்களை விட்டுவிட்டு, யார் யாரை வேலைக்கு வைத்தார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் கரை சேரலாம்.

ஆந்தனி பர்ஜஸின் 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' (1962) வாங்குமுன் அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள். 21 இருக்க வேண்டும். அமெரிக்கப் பதிப்பு 1986 வரை கடைசி அத்தியாயத்தை வெட்டிவிட்டு 20உடன் விற்றது. கதையில் வரும் ரவுடிப் பையன்கள் பேசுவது ரஷ்ய வேர் கொண்ட ஒரு கொச்சை; அதற்குப் புத்தகத்தின் பின்னால் சொற்பட்டியல் இருந்தால் திறக்காதீர்கள். இரண்டு அத்தியாயம் பொறுத்தால் பாஷை தானாகப் பழகிவிடும்.