உங்கள் செய்தி நான்காவது பத்தியில் இருக்கிறது

நூலகக் குழுக் கூட்டம் பற்றி எழுதிய பயிற்சிச் செய்தியை, “இது கூட்டக் குறிப்பு, செய்தி இல்லை” என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார், எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இட்ட பிரதியை இரண்டு முறை படித்தேன். மொழி நன்றாகவே இருக்கிறது. வரிசைதான் சிக்கல்.

“குழுவின் கூட்டம் நேற்று நடைபெற்றது. தலைவர் வரவேற்றுப் பேசினார்” என்று தொடங்குகிறீர்கள். கூட்டம் நடந்தது யாருக்கும் செய்தி இல்லை. நான்காவது பத்தியில் போகிறபோக்கில் சொல்கிறீர்களே, அதை மேலே தூக்குங்கள்: “கல்லூரி நூலகம் அடுத்த மாதம் முதல் இரவு 10 மணிக்குப் பதில் 8 மணிக்கே மூடப்படும்.” அடுத்த வரியில் முடிவெடுத்தது யார், ஏன். அப்புறம் பாதிக்கப்படும் மாணவர் ஒருவரின் சொந்த வார்த்தைகள். வரவேற்புரை வேண்டவே வேண்டாம். இடம் போதாமல் கடைசிப் பத்தியை வெட்டினாலும் செய்தி நிற்க வேண்டும். தலைகீழ் பிரமிடு என்று பாடத்தில் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, “மாணவர்கள் அதிர்ச்சி அடைந்துள்ளனர்” என்ற வரி. எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? இன்றே மாலை நூலக வாசலில் நின்று மூன்று பேரிடமாவது பேசுங்கள், நூலகரிடமும் காரணம் கேளுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் பெயரிலேயே போடுங்கள். திருத்தியதை இங்கே இடுங்கள், கட்டாயம் படிக்கிறேன்.