சின்னக் கீறலும் விபத்துதானா?

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு ஷிப்யார்டில் மேற்பார்வையாளராக இருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: “தினமும் காலையில், வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கைத் தமிழில் நடத்துகிறேன். ஆபத்து, அபாயம், விபத்து மூன்றையும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். எதை எங்கே சொல்வது? விரலில் சின்னக் கீறல் என்றாலும் விபத்து என்று எழுதலாமா? பெரிய வார்த்தையாக இருக்கிறதே என்று பையன்கள் தயங்குகிறார்கள்.”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எழுதலாம், எழுதத்தான் வேண்டும். யாரும் நினைக்காத நேரத்தில், யாரும் வேண்டுமென்று செய்யாமல், கெடுதலாக ஒன்று நடந்துவிட்டால் அது விபத்து. காயம் எவ்வளவு பெரியது என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. செய்தித்தாளில் சாலை விபத்து, விமான விபத்து, தீ விபத்து என்றே படித்துப் பழகியதால், உயிர் போனால்தான் விபத்து என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. பேச்சிலும் சின்னதையெல்லாம் ‘கைதவறிடுச்சு’, ‘தெரியாம பட்டுடுச்சு’ என்று முடித்துவிடுகிறோம். வீட்டில் மைலோ கொட்டினால் அது போதும். வேலையிடத்தில் போதாது.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் மூன்று நாளுக்கு மேல் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கிடைத்தாலோ, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுக்க வேண்டி வந்தாலோதான் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றிருந்தது. 2020 செப்டம்பர் 1 முதல் அப்படி இல்லை. வேலையில் நடந்த விபத்துக்காக டாக்டர் ஒரே ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், லைட் டியூட்டி (இலகுவான வேலை மட்டும்) என்று எழுதினாலும், தகவல் தெரிந்த 10 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். இன்று சின்னக் கீறல்; நாலு நாளில் சீழ் வைத்து விரல் வீங்கினால், எங்கே எப்படிப் பட்டது என்று அன்றே எழுதி வைத்ததுதான் கைகொடுக்கும்.

சரி, மூன்று சொற்களுக்கு வருவோம். ஆபத்து என்பது இன்னும் நடக்காதது, நடக்கக்கூடியது. மூடி இல்லாத மேன்ஹோல் ஆபத்து. அதில் ஒருவர் விழுந்துவிட்டால் விபத்து. அபாயமும் ஆபத்தும் பொருளில் ஒன்றுதான், ஆனால் அபாயம் அறிவிப்புப் பலகைக்கு உரிய சொல்லாகிவிட்டது. ஊரில் ரயிலில் அபாயச் சங்கிலி பார்த்திருப்பார்கள், இங்கே கட்டுமானத் தளங்களின் நான்கு மொழிப் பலகைகளிலும் அதைப் பார்க்கிறார்கள். கிராமத்திலிருந்து வந்தவர் ‘நேத்து ஒரு ஆபத்து நடந்துச்சு’ என்று சொன்னால் அவரைத் திருத்தாதீர்கள். இக்கட்டு, துன்பம் என்ற பொருளிலும் ஆபத்து நம் பேச்சில் காலங்காலமாக இருக்கிறது. ‘ஆபத்துக்குப் பாவமில்லை’ என்பது அந்தப் பொருளில்தான். மீட்டிங்கில் மட்டும், நடக்கும் முன் ஆபத்து, நடந்த பின் விபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘நல்லவேளை, தப்பிச்சான்’ என்று சொல்லும்படியான சம்பவங்களையும் விடாதீர்கள். ‘விபத்து நடக்கவிருந்தது, யாருக்கும் காயமில்லை’ என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். கிரேன் சாய்வது, சாரம் சரிவது போன்றவற்றை, ஒருவருக்கும் அடிபடாவிட்டாலும் தெரிவித்தே ஆகவேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உண்மையான சிக்கல் அங்கேதான். விபத்து என்ற சொல்லை விட, அதைச் சுற்றி வரும் வினைச்சொற்கள்தான் வாக்குமூலத்தில் ஆளைக் கவிழ்க்கும். ‘ஏணியிலிருந்து தவறி விழுந்தேன்’ என்கிறார் தொழிலாளி. பிடி நழுவி, கால் வழுக்கி விழுந்தேன் என்பதுதான் அதன் பொருள். தமிழ் அரைகுறையாகத் தெரிந்தவர் அதில் ‘தவறு’ என்ற சொல்லைப் பார்த்து, ‘என் தவறால் விழுந்தேன்’ என்று மொழிபெயர்த்துவிட வாய்ப்புண்டு. ‘தலையில் அடிபட்டது’ என்றால் காயம் பட்டது என்று நமக்குத் தெரியும், மொழிபெயர்ப்பில் அது யாரோ அடித்தார்கள் என்று போய்விடலாம். சண்டையில் பட்ட காயத்துக்குப் பொதுவாக இழப்பீடு கிடையாது என்பதால் இது சாதாரணக் குழப்பம் அல்ல.

எனவே ‘விபத்து ஏற்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், நடந்ததை நடந்த வரிசையில் எழுதச் சொல்லுங்கள். ‘ஏணியின் மூன்றாம் படியில் எண்ணெய் இருந்தது. கால் வழுக்கியது. கீழே விழுந்தேன். இடது மணிக்கட்டு தரையில் மோதியது.’ இவ்வளவு போதும். கையெழுத்துப் போடும் முன் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பையன்களின் தயக்கத்துக்குப் பின்னால் பயமும் இருக்கும்: விபத்து என்று எழுதினால் யார் மேல் பழி விழும்? அந்தச் சொல் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. ‘விபத்தில் சிக்கினார்’ என்றால் அகப்பட்டுக்கொண்டார் என்றுதான் பொருள், ‘விபத்தை ஏற்படுத்தினார்’ என்றால்தான் பொறுப்பு ஒருவர் தலையில் விழுகிறது. முழு விவரம் தெரியும் முன் இந்த இரண்டாவது வாக்கியத்தை உங்கள் அறிக்கையில் எழுதாதீர்கள். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டமும், தொழிலாளர்கள் விக்கா என்கிறார்களே அதுதான், யார் மேல் தவறு என்று நிரூபிக்கச் சொல்வதில்லை. வேலை காரணமாக, வேலையின்போது காயம் பட்டதா என்றே பார்க்கிறது. குடித்திருந்தது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டது போன்ற விலக்குகள் உண்டு. விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும், இடையில் வேலையை விட்டிருந்தாலும் கோரலாம். இதை மீட்டிங்கில் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், ஊருக்குத் தகவல் சொல்லும் வேலையும் பல நேரம் உங்கள் தலையில்தான் விழும். ‘ஒரு அசம்பாவிதம் நடந்துடுச்சு’ என்று தொடங்காதீர்கள். கூட்டம் அமைதியாகக் கலைந்தது என்று சொல்ல ‘அசம்பாவிதம் எதுவுமில்லை’ என்பது பொருத்தமான சொல், ஆனால் ஃபோனில் அதைக் கேட்கும் அம்மாவுக்கு மகன் போய்விட்டான் என்றே காதில் விழும். ‘அம்மா, உயிருக்கு ஆபத்தில்லை, பேசுறான்’ என்பது முதலில் வரட்டும். விபத்து எப்படி நடந்தது, எந்த ஆஸ்பத்திரி, எப்போது அவனோடு பேசலாம் என்பதையெல்லாம் அதற்குப் பிறகு சொல்லுங்கள்.