அரை மணி நேரத்தில் நின்றுபோகும் அவுட்போர்டு மோட்டார்

வணக்கம். படகின் பின்புறம் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டார் கரையருகே சீராக ஓடி, அரை மணி நேரத்தில் திணறி நின்று, பத்து நிமிடம் கழித்துத் தானாகவே கிளம்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றும் முன் எரிபொருள் தொட்டியின் மூடியைப் பாருங்கள். அதிலுள்ள காற்றுத் திருகு மூடியிருந்தாலோ, உப்புப் படிந்து அடைத்திருந்தாலோ, எரிபொருள் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். காத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து புகுவதால்தான் மீண்டும் ஓடுகிறது.

மோட்டார் நின்றவுடன் எரிபொருள் குழாயின் நடுவில், கையால் அழுத்தி எரிபொருளை ஏற்றும் ரப்பர் பல்பைத் தொட்டுப் பாருங்கள். அது சப்பிக் கிடந்தால் அடைப்பு தொட்டிப் பக்கம் இருக்கிறது. எவ்வளவு அழுத்தியும் இறுகாவிட்டால் குழாயிலோ இணைப்பிலோ காற்று நுழைகிறது. பல்பு இறுகியே இருந்தும் நின்றால், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பற்றவைப்புச் சுருள் சூடேறியதும் செயலிழக்கிறதோ என்று நான் சந்தேகிப்பேன். அதை ஆறிய பின் சோதித்துப் பயனில்லை.

மூடியைத் திறந்து பார்த்ததோடு விட்டுவிடாமல், கரையோரத்திலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

ஒன்றைக் கண்டிப்புடன் சொல்கிறேன்: நடுக்கடலில் மோட்டார் நின்றால் முதலில் நங்கூரத்தைப் போடுங்கள், பழுதை அப்புறம் பார்க்கலாம். நங்கூரத்தைப் படகின் பின்புறத்தில் கட்டாதீர்கள். மோட்டாரின் எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் அந்தப் பக்கத்தில் அலை ஏறிவிடும். முன்புறத்தில் கட்டி, ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு கயிறு விடுங்கள். துடுப்பும் உயிர்காப்பு உடையும் படகிலேயே இருக்கட்டும். இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. கைப்பேசி அலைவரிசை எட்டாத தொலைவுக்கு படகிலிருந்து பேச உதவும் வி.எச்.எஃப். வானொலியில், அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசைதான் துணை.