அலுமினிய ரேடியேட்டருக்கு மூடியும் பிட்டிங்கும் வாங்கும் முன் எதை அளக்க வேண்டும்?

பழைய டீசல் ஜீப்பில் பித்தளை ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு முழு அலுமினிய ரேடியேட்டர் மாட்டியிருக்கிறீர்கள். பழைய மூடி சரியாக உட்காரவில்லை, டெம்பரேச்சர் சென்சாரும் டிரெயின் பிளக்கும் மரை சேரவில்லை, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வேலையை அப்பாவின் ஜீப்பில் செய்து மூன்று வாரம் அலைந்தவன் நான். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடையில் வண்டி பெயரைச் சொல்லி மூடி கேட்பதை முதலில் விட்டுவிடுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது அந்த வண்டிக்கென்று வந்த ரேடியேட்டர் இல்லை. மூடி உட்காரும் கழுத்தின் அளவை முடிவு செய்தது புது ரேடியேட்டரைச் செய்தவர். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை முடிவு செய்வது உங்கள் பழைய எஞ்சின். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, இரண்டுக்கும் ஒத்துவருகிற மூடியைத்தான் தேட வேண்டும்.

மூடியைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு ரப்பர், கீழே ஸ்பிரிங்கின் நுனியில் இன்னொரு ரப்பர், அதன் நடுவில் பொட்டு மாதிரி ஒரு சின்ன வால்வு இருக்கும். கீழ் ரப்பர் கழுத்துக்குள் இருக்கும் படியில் போய் உட்கார்ந்து ஸ்பிரிங் பலத்தில் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அழுத்தம் மிஞ்சினால் மேலே எழும்பி, கூலன்ட்டைப் பக்கத்து டியூப் வழியாக ரிசர்வ் டப்பாவுக்கு அனுப்புகிறது. எஞ்சின் ஆறும்போது நடு வால்வு திறந்து அதே கூலன்ட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வேலை எல்லாம் அந்தக் கீழ் ரப்பரில்தான் இருக்கிறது. அது படியைத் தொடவில்லை என்றால், மூடி வெளியே எவ்வளவு இறுக்கமாகத் தெரிந்தாலும் வண்டி மூடி இல்லாமல் ஓடுவதற்குச் சமம்.

ஆகவே வெர்னியர் அளவுகோலை எடுத்து, கழுத்தின் மேல் விளிம்பிலிருந்து உள்படி வரைக்கும் ஆழத்தை அளங்கள். அமெரிக்க அளவில் செய்த அலுமினிய ரேடியேட்டர்களில் 19 மில்லிமீட்டர், அதாவது முக்கால் இஞ்ச் ஆழம் அதிகம் வரும். 25 மில்லிமீட்டர் ஆழமும் உண்டு. ஜப்பானிய அளவுக் கழுத்தில் வாயே சிறியது. அதிலும் கீழ் ரப்பர் சின்னதாக ஒரு வகை, பெரிதாக ஒரு வகை என்று இரண்டு இருக்கின்றன. ஆழமான கழுத்தில் குட்டை மூடி போட்டால் ரப்பர் அந்தரத்தில் நிற்கும். குட்டைக் கழுத்தில் நீள மூடி போட்டால் மூடியின் காது கழுத்து விளிம்பில் பூட்டிக்கொள்ளாது. பலத்தைப் போட்டுத் திருகிப் பூட்டிவிட்டாலோ ஸ்பிரிங் அளவுக்கு மேல் நசுங்கி, மூடியில் எழுதியிருப்பதைவிட அதிக அழுத்தத்தில்தான் திறக்கும்.

எனக்கு ஒரு வயதான மெக்கானிக் காட்டிக்கொடுத்த சோதனை இது. கொஞ்சம் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, மூடியின் கீழ் ரப்பரில் விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைப் பூட்டி, பிறகு திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். படி முழுக்க சிவப்பு வளையம் அறுபடாமல் பதிந்திருந்தால் மூடி சரி. என் ஜீப்பில் முதல் தடவை ஒரு புள்ளிகூடப் பதியவில்லை. அந்த மூடியோடு இரண்டு வாரம் ஓட்டி, கூலன்ட் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். பார்த்து முடித்ததும் ரப்பரையும் படியையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

அடுத்து அழுத்தம். மூடியின் மேல் 0.9, 1.1 என்று இருந்தால் அது கிலோ அல்லது பார் கணக்கு. 13, 16 என்று இருந்தால் பி.எஸ்.ஐ, அதாவது சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்ட் என்ற கணக்கு. 0.9 மூடியும் 13 மூடியும் ஏறக்குறைய ஒன்று, 1.1 மூடியும் 16 மூடியும் ஏறக்குறைய ஒன்று. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் வெறும் தண்ணீர், 7 பி.எஸ்.ஐ மூடியில் சுமார் 111 டிகிரி வரைக்கும், 0.9 மூடியில் சுமார் 119 வரைக்கும், 1.1 மூடியில் சுமார் 122 வரைக்கும் தாங்கும். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலை ஏறும்போது மூடி பலவீனமாக இருந்தால் வண்டி பொங்குவது இதனால்தான்.

இதைப் படித்துவிட்டு, அலுமினியம்தான் தாங்குமே என்று பெரிய மூடி வாங்கிவிடாதீர்கள். ரேடியேட்டர் தாங்கும், சரி. உங்கள் எஞ்சினின் வாட்டர் பம்ப் சீல், பிளாக்கில் அடித்திருக்கும் தகட்டு மூடிகள், ஹோஸ்கள் எல்லாம் பழைய குறைந்த அழுத்தத்தை மனதில் வைத்துச் செய்தவை. எஞ்சின் செய்தவர் சொன்ன எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணில் வண்டி சூடேறினால் கோளாறு ஃபேன் காற்றிலோ, ஃபேன் கவசத்திலோ, தெர்மோஸ்டாட்டிலோ இருக்கும். அதை மூடியை மாற்றித் தீர்க்க முடியாது.

இனி மரை. என் பார்வையில் அதிகம் பேர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிளக், நிப்பிள் எல்லாம் பி.எஸ்.பி என்ற பிரிட்டிஷ் பைப் மரை. வெளிநாட்டு ரேடியேட்டரில் பற்றவைத்திருக்கும் மரைக் கொட்டைகள் பெரும்பாலும் என்.பி.டி என்ற அமெரிக்க பைப் மரை, அல்லது மெட்ரிக். கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் என்.பி.டி மரையின் கோணம் 60 டிகிரி, பி.எஸ்.பி 55 டிகிரி. ஒரு நூல், அதாவது 1/8 இஞ்ச் அளவில், இஞ்சுக்கு என்.பி.டி 27 மரை, பி.எஸ்.பி 28 மரை. எம் 10, பிட்ச் 1 என்ற மெட்ரிக் மரையும் இதே பருமனில்தான் இருக்கிறது. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்று போகும், பிறகு கடிக்கும். அரை இஞ்ச் இன்னும் மோசம். என்.பி.டி, பி.எஸ்.பி இரண்டிலும் இஞ்சுக்கு 14 மரை என்பதால் முழுசாகவே போய்விடும், இறுக்கமும் கொடுக்கும், ஆனால் கோணம் வேறு என்பதால் சூடேறினதும் கசியும்.

எனக்கு நடந்தது 1/8 இஞ்சில். ஒரு பட்டறையில் 28 மரை பித்தளை சென்சாரை 27 மரை ஓட்டையில் டெஃப்லான் டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றி ஏற்றிவிட்டார்கள். மறுநாள் பார்த்தால் கொட்டையின் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு வெடிப்பு. அதைவிடக் கொடுமை, மீட்டர் முள் அசையவே இல்லை. ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்க வேண்டும். ரேடியேட்டரோ ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது, மரையைச் சுற்றி டேப். எஞ்சின் கொதித்தால்கூட முள் குளிர்ச்சியையே காட்டியிருக்கும். உங்களுடையதும் ஒற்றை வயர் என்றால் ரேடியேட்டரிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் போட்டு, மரையில் டேப்புக்குப் பதிலாக திரவ சீலன்ட்டை மெல்லிசாகப் பூசுங்கள்.

லேத் பட்டறைகளில் மரை கேஜ் இருக்கும். ரேடியேட்டரோடு வந்த பிளக்கையும் உங்கள் சென்சாரையும் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. சேரவில்லை என்றால் வெளியே ஒரு மரை, உள்ளே ஒரு மரை என்று அடாப்டர் கடைந்து தரச் சொல்லுங்கள். அலுமினியத்தில் கடையச் சொல்வது நல்லது. பித்தளையும் அலுமினியமும் கூலன்ட்டில் நனைந்தபடி ஒட்டியிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். உப்புள்ள போர் தண்ணீர் ஊற்றினால் பிட்டிங்கைச் சுற்றி வெள்ளைப் பொடி சீக்கிரமே பூத்துவிடும். சென்சார் பித்தளையில்தான் வரும், தவிர்க்க முடியாது. அதனால் அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள், தம்ளர் அளவுகூடக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். அலுமினியத்தில் அலுமினியம் ஏறும்போது உலர்ந்த மரை ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும். அங்கேயும் சீலன்ட் பூசித்தான் ஏற்ற வேண்டும். நுனி சிறுத்துப் போகும் கூம்பு மரை கையால் இறுகினபின் ஸ்பேனரில் ஒன்றரைச் சுற்று போதும். இன்னொரு ஸ்பேனரால் கொட்டையைப் பிடித்துக்கொண்டு திருகுங்கள், இல்லையென்றால் முறுக்கு முழுக்க டேங்க் தகட்டின் வெல்டிங் மேல் விழும்.

ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போட்ட டிரெயின் பிளக் என்றால், இ.பி.டி.எம் என்ற செயற்கை ரப்பரில் கேளுங்கள். அதில் சாதாரண கிரீஸ் படக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். கூலன்ட்டிலேயே நனைத்துப் போட்டால் போதும். ஹோஸ் பைப்பின் நுனியில் சுற்றி மேடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் ஹோஸ் கழன்று வரும். அலுமினியம் பற்றவைக்கும் டிக் வெல்டரிடம் ஒரு மேடு வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் பூட்டியபின் வண்டியை எடுக்கும் முன், பிரஷர் பம்ப் வைத்திருக்கும் பட்டறையில், மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தைக் குளிர்ந்த எஞ்சினில் ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கக்கூடாது. மூடியையும் அதே பம்பில் தனியாக வைத்து எந்த எண்ணில் திறக்கிறது என்று பாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு முழுக்க ஆறவிட்டு மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சப்பிப் போயிருந்தால் நடு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ரிசர்வ் டப்பாவுக்குப் போகும் டியூப் அடைத்திருக்கிறது. கழுத்தின் ஆழத்தையும் பிளக்கின் மரை எண்ணிக்கையையும் அளந்து கருத்தில் போடுங்கள், எந்த மூடி, எந்த மரை என்று பார்த்துச் சொல்கிறேன்.