தாமரும் தாமரையும்

கேள்வி: மகள் ஜார்ஜியாவில், திபிலிசியில் டாக்டருக்குப் படிக்கிறாள். அவள் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா பெயர் தாமர். "நம்ம தாமரைதான் அங்கே போய்த் தாமர் ஆகிவிட்டது" என்று என் அண்ணன் அடித்துச் சொல்கிறார். மெய்தானா ஐயா?
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: இல்லை அம்மா. தாமரை, சங்கப் பாட்டிலேயே இருக்கிற நம்ம சொல். தாமர் வந்த வழி வேறு. அந்தப் பெயர் உங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். வேதப்புத்தகத்தில் யூதாவின் மருமகள் தாமார், தாவீது ராஜாவின் மகள் தாமார் என்று வருகிறதே, அதேதான். எபிரேயத்தில் பேரீச்சை மரம் என்று பொருள். அரபியில் பேரீச்சம்பழத்துக்குத் தம்ர் என்று பெயர். நம்ம புளியைப் பார்த்து அரேபியர்கள் 'தம்ர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். டாமரிண்ட் என்ற ஆங்கிலப் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

சரி, ஜார்ஜியாவில் இந்தப் பெயர் ஏன் இவ்வளவு வேரூன்றியது? அந்த நாட்டு அரசர் 4-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்றவர். பிற்பாடு ஆண்ட பக்ரத்தியோனி அரச வம்சம் தன்னைத் தாவீதின் வழிவந்ததாகவே சொல்லிக்கொண்டது. அந்த வம்சத்து மூன்றாம் கியோர்கிக்கு ஆண் வாரிசு இல்லை. 1178-இல் மகள் தாமருக்குத் தன்னோடு சேர்த்து முடிசூட்டினார். அவர் 1184-இல் இறந்ததும், 1213 வரை தாமரே ஆண்டார். 'ஒரு பெண்ணா?' என்று பிரபுக்கள் முரண்டு பிடித்தார்கள். அவர்கள் பார்த்துவைத்த ரஷ்ய இளவரசர் யூரியை மணந்தார். ஒத்துவராமல் போனதும் விலக்கி நாட்டைவிட்டே அனுப்பினார். யூரி திரும்பி வந்து கலகம் செய்தும் தாமர் அரசியை அசைக்க முடியவில்லை.

எனக்கு நம்ம பக்கத்து மங்கம்மாள் சாலைகள் நினைவுக்கு வருகின்றன. ராணி மங்கம்மாள் பேரனுக்காக ஆண்டார். தாமர் தன் பெயரிலேயே ஆண்டார். அரசரைக் குறிக்கும் 'மெபே' என்ற பட்டத்தையே அவருக்கும் வைத்தார்கள். ஜார்ஜிய மொழியில் ஆண்பால் பெண்பால் விகுதி கிடையாது. ஆனாலும் ராணிக்கென்று 'தெதோபாலி' என்ற தனிச்சொல் இருந்தது. இருந்தும் மெபே என்றார்கள் பாருங்கள், அதுதான் பெரிய மரியாதை. ஒரு பெயர் 800 வருஷம் நிலைப்பதற்கு அப்படி ஒரு ஆள் வாழ்ந்திருக்க வேண்டும். வார்த்ஸியா குகை மடத்தில் அவருடைய பழைய சுவரோவியம் இருக்கிறது. அந்த ஊர்ப் பணத்துக்கு லாரி என்று பெயர்; 50 லாரி நோட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதிலும் அவர் முகம்தான்.

அப்புறம், உங்கள் மகள் காதில் 'தாமரி' என்று விழுந்தால் குழம்ப வேண்டாம். எழுவாயாக வரும்போது பெயரோடு ஒரு 'இ' சேரும். செல்லமாகத் தாமுனா, தாம்ரிக்கோ என்பார்கள். தாமர் அரசியை ஜார்ஜியத் திருச்சபை புனிதராக வணங்குகிறது. திருநாள் மே 14. அன்றைக்கு வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லச் சொல்லுங்கள், மனம் குளிர்ந்துவிடும்.