தாத்தாவின் 7.65 பிஸ்டலுக்கு ஈயக் குண்டு வார்க்கலாமா?

அண்ணாச்சி, தாத்தா விட்டுப்போன 7.65 மி.மீ. பிஸ்டலில் தோட்டா சிக்குகிறது, தோட்டா விலையும் கட்டவில்லை, ஈயம் வார்த்து அம்பாசமுத்திரத்து வீட்டிலேயே செய்யலாமா என்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். உரிமமின்றித் தோட்டா தயாரித்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி குறைந்தபட்சமே 7 வருடம் சிறை.

சிக்குவதற்குக் குண்டுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. 1899-ல் வந்த அந்தத் தோட்டாவின் அடி விளிம்பு உடலைவிட மயிரிழை அகலம். தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அசையாது. மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே தொல்லை. உரிமமுள்ள துப்பாக்கிக் கடைக்காரர் பார்த்தால் சொல்லிவிடுவார்.

அது சரி, உரிமம் இன்னும் தாத்தா பேரில்தானா? அப்படியென்றால் முதலில் பக்கத்து ஸ்டேஷனில் ஒப்படையுங்கள். அப்புறம் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் வாரிசாக விண்ணப்பியுங்கள்.